பதினைந்து ஜிபி

இடம் நிரம்பிவிட்டது என்று
செவ்வாயிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது.
சிவப்புக் கோடு.
மாதம் நூற்று முப்பது கொடுத்தால் பெரிய இடம்,
இல்லையென்றால் காலி செய்.
வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரும்
ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு மெயில்
எனக்கு வராமலே திரும்பிப் போயிற்று.
அனுப்பியவர் போனில் கத்தினார்.
அதனால் இந்த ஞாயிறு,
வேளச்சேரி, இரண்டாம் மாடி,
ஐப்பசி பிறந்து ஒன்பது நாள்,
வானம் இன்னும் முடிவெடுக்கவில்லை,
நான் நகல்களைத் தேடி உட்கார்ந்தேன்.

நனைந்த கார்களைப் படம் எடுப்பது என் தொழில்.
இன்சூரன்ஸ் சர்வேயர்.
வண்டிக்கு நாலு மூலை, சேஸிஸ் எண்,
சீட்டுக்கு அடியில் சேறு,
டாஷ்போர்டில் ஈரப் பிள்ளையார்.
கை ஆடியிருக்குமோ என்று இன்னொன்று.
வெளிச்சம் போதாதோ என்று இன்னொன்று.
அதையே வாட்ஸப்பில் அனுப்ப,
மேனேஜர் அதையே எனக்குத் திருப்பி அனுப்ப,
ஒரே வெள்ளத்தில் ஒரே கார்
ஒன்பது முறை மூழ்கிக் கிடந்தது.

பெயரைப் பார்க்காதே, எடையைப் பார் என்றது மென்பொருள்.
'கடைசி', 'கடைசி 2', 'இதுதான் கடைசி',
'சார் சொன்ன கடைசி':
நாலும் ஒரே எடை.
என் ஆதார் அட்டை பதினோரு பிரதி.
நான் நான்தான் என்று
பதினோரு கவுன்டரில் சொன்ன கணக்கு.
காலை வணக்க ரோஜா முந்நூற்றுப் பன்னிரண்டு.
யோசிக்காமல் அழுத்தினேன்.

கோடு நகரவேயில்லை.
நீக்கியதெல்லாம் முப்பது நாள் தொட்டியில் இருக்குமாம்.
பெருங்குடி மேடு மாதிரி.
வீட்டைவிட்டுப் போயிற்று,
ஊரைவிட்டுப் போகவில்லை.

அப்புறம் அது இரண்டு கோப்புகளை
அருகருகே வைத்துக் கேட்டது:
தொண்ணூற்றொன்பது சதம் ஒத்திருக்கிறது.
ஒன்றை நீக்கலாமா?

ஏகாம்பரத்தின் அறிக்கை.
பள்ளிக்கரணை, கால் டாக்ஸி, மூன்று தவணை பாக்கி.
'ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன் மேடம்,
நாலு தடவ' என்றார்,
கேட்காமலே.
தண்ணீரில் நின்ற வண்டியைக் கிளப்பினால்
இன்ஜினுக்குப் பணம் கிடையாது.
அவருக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

ஒரு கோப்பில்
'பழுதின் காரணம் உறுதியாகவில்லை' என்று இருந்தது.
ராத்திரி ஒன்றரைக்கு அடித்தது.
இன்னொன்றில்
'உரிமையாளர் ஒப்புக்கொண்டார்.'
காலை ஒன்பதுக்கு அனுப்பியது.
மற்றதெல்லாம் ஒன்றுதான்,
அதே படங்கள், அதே என் கையெழுத்து.
அந்த ஒரு சதத்தில்
ஒரு இன்ஜின் இருக்கிறது.

'சொல்லாம இருந்திருக்கணுமா மேடம்?'
பிறகு ஒருநாள் போனில் கேட்டார்.
சிக்னல் இல்லை என்றேன்.
சிக்னல் இருந்தது.

'இது நகல் இல்லை' என்று ஒரு பட்டன்,
ஓரத்தில், சாம்பல் நிறத்தில்.
அழுத்தினேன்.
இதனால் யாருக்கும் ஒன்றும் கிடைக்கப் போவதில்லை.
அனுப்பாதது அனுப்பாததுதான்.
நூற்றெண்பது கேபி,
இருந்துவிட்டுப் போகட்டும்.

தொட்டியை நானே காலி செய்தேன்.
ஆறு ஜிபி திறந்தது.
அடுத்த மழைக்குப் போதும்.

அதற்குள் கீழ்வீட்டு சகாயமேரி கதவைத் தட்டினாள்:
'அக்கா, பாலத்துல இடம் புடிச்சிட்டிருக்காங்க,
சாவிய எடு.'
மேம்பாலத்தில் அதற்குள் ஒரு வரிசை,
வெள்ளை, வெள்ளை, சாம்பல், வெள்ளை,
இன்டிகேட்டர் சிமிட்டியபடி.
எங்கிருந்தோ சுண்டல்காரர்கூட வந்துவிட்டார்.
இரண்டு வெள்ளைகளுக்கு நடுவே
என் வெள்ளையைச் செருகிவிட்டு இறங்கினேன்.

முதல் துளி கண்ணாடியில் விழுந்தது.
நம்பர் பிளேட், காய்ந்த டயர்,
பின்னால் பாலத்துச் சுவர் தெரிய
ஒரு படம் எடுத்தேன்.
தெளிவாகத்தான் விழுந்திருந்தது.

இன்னொன்றும் எடுத்தேன்.